தராசில் ஏறித்தான் பாரியோ போக வேண்டும்

பினாங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆண்டிறுதி விடுமுறைக்கு மனைவி, இரண்டு பிள்ளைகள், 68 வயது அம்மா என்று ஐந்து பேராகச் சரவாக் மலைநாட்டில் இருக்கும் பாரியோவுக்குப் போக எண்ணமாம். மீரியிலிருந்து 19 பேர் உட்காரும் ட்வின் ஆட்டர் விமானம். "அந்தக் குட்டி விமானத்தை நம்பி ஏறலாமா? அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளுமா? நான்கு நாள் போதுமா? இது பழகிவிட்டால் அடுத்து பாப்புவா, சாலமன் தீவு என்று கிளம்பலாமா?"

விமானத்தை நம்பலாம். அம்மாவையும் அழைத்துப் போகலாம். நான்கு நாள் போதவே போதாது. பாப்புவாவுக்குக் கடைசியில் வருகிறேன்.

சுபாங் விமான நிலையத்தில் பல வருடம் டர்போபிராப் என்னும் விசிறி விமானங்களுக்கு லோட் ஷீட் போட்டவன் நான். இடையில் இரண்டு வருடம் மீரியில். லோட் ஷீட் என்றால் வேறொன்றுமில்லை. எத்தனை பேர், எவ்வளவு சாமான், எவ்வளவு எண்ணெய், எது எந்த இடத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, பைலட்டிடம் கையெழுத்து வாங்கும் ஒரு தாள். ஆகவே நான் பேசினால் எடையில்தான் போய் முடியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீரியில் செக்-இன் செய்யும்போது பையைத் தராசில் வைத்தபின், "நீங்களும் ஏறுங்கள்" என்பார்கள். நம் ஆட்கள் முதல்முறை கேட்டால் திகைத்துப்போவார்கள். என் சித்தி ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பையையும் பக்கத்தில் நின்ற மகளிடம் கொடுத்துவிட்டு ஏறினார். கைப்பையும் அதே விமானத்தில்தானே வரப்போகிறது என்று சொன்னதற்கு என்னை முறைத்தார். பெரிய ஜெட் விமானத்தில் யாரையும் நிறுத்துப் பார்ப்பதில்லை. 180 பேர் ஏறினால் குண்டும் ஒல்லியும் சேர்ந்து சராசரிக்கு வந்துவிடும். 19 பேரில் அந்த நம்பிக்கை வைக்க முடியாது. ஒரு ரக்பி குழு ஏறினால் என்ன ஆகும்?

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். ட்வின் ஆட்டர் தரையை விட்டுக் கிளம்பும்போது இருக்கக்கூடிய உச்ச எடை 5,670 கிலோ. இருக்கைகளோடு சும்மா நிற்கும் விமானமே ஏறத்தாழ 3,400 கிலோ வரும். இரண்டு பைலட்டுகளுக்கு ஒரு 170. மலையில் எண்ணெய் ஊற்ற வசதியில்லை என்றால், போய்த் திரும்பவும், இறங்க முடியாமல் வேறெங்காவது போகவும் சேர்த்தே ஊற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு 600 கிலோ வையுங்கள். மிச்சம் 1,500. அதை 19-ஆல் வகுத்தால் ஒருவருக்கு உடம்பும் பையுமாகச் சேர்த்து 79 கிலோ. இந்த வழித்தடத்தில் பைக்கு 10 கிலோதான் என்று ஏன் கறாராக நிற்கிறார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும். கவுண்டரில் இருக்கும் பெண் மனம் இரங்கினாலும் அந்த 1,500 இரங்காது.

எடை எவ்வளவு என்பது பாதிக் கதை; எங்கே இருக்கிறது என்பது மீதி. தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்தவர்களைக் கேளுங்கள். பின்பக்கச் செம்பில் பால் கொஞ்சம் கூடினாலும் தோள் உடனே சொல்லிவிடும். விமானத்தின் தோள் அதன் இறக்கை. பின்னால் சுமை கூடினால் மூக்கு தூக்கும். ஓர் எல்லைக்கு மேல் பைலட் என்ன செய்தாலும் அதை இறக்க முடியாது. 1976 ஜூன் 6-ஆம் தேதி லாபுவானிலிருந்து வந்த நோமாட் விமானம் கோத்தா கினாபாலுவில் இறங்கும் நேரத்தில் செம்புலானில் விழுந்தது. சபா முதலமைச்சர் துன் புவாட் ஸ்டீபன்ஸ் உட்பட 11 பேரும் இறந்தார்கள். சதி, வெடிகுண்டு என்று நாற்பது வருடத்துக்கும் மேலாகக் காப்பிக்கடைகளில் பேசிப் பேசித் தீர்த்தார்கள். 2023-ல் அரசு அந்த விசாரணை அறிக்கையை வெளியிட்டபோது நாசவேலைக்கு ஆதாரம் இல்லை என்றும், பின்பக்கச் சரக்கறையில் அளவுக்கு மேல் சாமான் இருந்ததால் எடை மையம் பின்னெல்லையைத் தாண்டியிருந்தது என்றும் அதில் இருந்தது. நான் வேலையில் சேர்ந்த முதல் வாரமே மேலதிகாரி செம்புலான் பெயரைச் சொல்லித்தான் தொடங்கினார். அறிக்கை வெளிவர அப்போது இன்னும் பல வருடம் இருந்தது. எங்கள் தொழிலில் பலருக்கு அந்தச் சந்தேகம் முன்பே உண்டு.

ஆகவே, "நீங்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள்" என்று சொன்னால் பிள்ளையை விட்டுப் பிரிகிறேனே என்று சண்டை போடாதீர்கள். 45 நிமிடப் பயணம்தான். பையைக் கட்டியபின் கடைசி நேரத்தில் எதையும் கால்சட்டைப் பையிலும் ஜாக்கெட்டிலும் திணிக்காதீர்கள். மீரியில் ஒருவர், பெயர் வேண்டாம், பைக்கு இடமில்லை என்றதும் மீன்பிடி ஈயக்குண்டுகளை எல்லாம் ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார். ஆனால் மனிதர் நேர்மையானவர். அப்படியே தராசில் ஏறி நின்றார்.

அம்மா நிச்சயம் ஒரு பிஸ்கட் டின் நிறைய முறுக்கு சுட்டு வைப்பார். டின்னை விட்டுவிடுங்கள். முறுக்கைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் துணிகளுக்கு நடுவே வையுங்கள். இது வேடிக்கைப் பேச்சு இல்லை. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி காலியாகவே 3 கிலோ வரும், விமானத்தின் சின்னச் சரக்கறையில் மடங்காது. பள்ளிப் பை மாதிரி துணிப் பை ஆளுக்கொன்று போதும். மலைநாட்டில் இரவு குளிரும், ஒரு ஸ்வெட்டர் வேண்டும். அதைப் போட்டுக்கொண்டே ஏறலாம், தராசில் உங்கள் கணக்கில் போய்விடும். அடுப்புக்கான கேஸ் டப்பா கூடாது. காசு ரொக்கமாக வேண்டும். மலையில் ஏடிஎம்மை நம்பிப் போகாதீர்கள். அம்மாவின் மருந்து, பயண நாளுக்கு மேல் ஐந்து நாளுக்காவது, கைப்பையிலேயே இருக்கட்டும்.

இப்போது விமானத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அந்த விமானத்தின் மேல் எனக்கு ஒரு பிரியம். முதல் ட்வின் ஆட்டர் பறந்தது 1965 மே மாதம். 1988-ல் தயாரிப்பை நிறுத்தும்போது 844 செய்திருந்தார்கள். வேறு யாராலும் அதன் வேலையைச் செய்ய முடியவில்லை என்பதால் இன்னொரு கனடா நிறுவனம் மீண்டும் செய்யத் தொடங்கியது. 2010-லிருந்து புதிய 400 வரிசை வரத் தொடங்கியது. நீங்கள் ஏறப்போவது அதுதான். இந்தச் சேவை மாஸ்விங்ஸ் என்ற பெயரில் பறந்துகொண்டிருந்தது. சரவாக் அரசு வாங்கியபின் ஏர்போர்னியோ என்று பெயர். சீட்டு வாங்கும்போது குழம்ப வேண்டாம். சக்கரம் உள்ளே மடங்காது. இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் எல்லா ஜன்னலிலும் காடு தெரியும். என்ஜின் விசைக் கம்பிகள் பைலட்டுகளின் தலைக்கு மேல் கூரையிலிருந்து தொங்கும். பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தால் கையைத் தூக்கி இழுப்பதைப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேல், ஏறத்தாழ 370 மீட்டர் இருந்தால் ஓடிக் கிளம்பி 50 அடி உயரம் எட்டிவிடும். நம் சுபாங் ஓடுபாதை 3,780 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தீபகற்பத்தில் இருக்கும் நமக்கும் இந்த அனுபவம் புதிதில்லை. சுபாங்கிலிருந்து தியோமானுக்கு நாலு என்ஜின் டாஷ் 7 பறந்த காலம் ஒன்று உண்டு. தியோமான் ஓடுபாதை ஒரு கிலோமீட்டர்கூட முழுசாக வராது. ஒரு முனையில் மலை, மறுமுனையில் கடல். கடல் பக்கமாக வந்து இறங்கி, கடல் பக்கமாகவே கிளம்ப வேண்டும். சேவை 2014-ல் நின்றது. பிறகு ட்வின் ஆட்டர் வைத்து இன்னொரு நிறுவனம் முயன்றது, அதுவும் நீடிக்கவில்லை. மெர்சிங் படகில் வாந்தி எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் அந்த டாஷ் 7-ஐ நினைத்துக்கொள்வேன்.

பாரியோ மேடு கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கெலாபிட் மக்களின் ஊர். அவர்கள் மொழியில் அந்தப் பெயருக்குக் காற்று என்று பொருள் சொல்வார்கள். 1945 மார்ச்சில், ஜப்பானியர் காலத்தில், டாம் ஹாரிசன் என்ற ஆங்கிலேயர் சில ஆஸ்திரேலிய வீரர்களோடு இங்கேதான் பாராசூட்டில் குதித்தார். பிறகு எல்லைக்கு அந்தப்பக்கம், இன்றைய இந்தோனேசியாவில், பெலாவிட் என்ற இடத்தில் ஊர்மக்களை வைத்து மூங்கிலைப் பிளந்து பரப்பி ஓடுபாதை போட்டு, அதில் ஆஸ்டர் என்ற சிறு விமானங்களை இறக்கினார்கள். வயல்சேற்றின் மேல் மூங்கில் பாய்! இன்று பாரியோவில் தார் போட்ட பாதைதான், பயப்பட வேண்டாம்.

உயரமும் வெயிலும் சேர்ந்தால் ஒரு சங்கடம் வரும். சூடான காற்று இளகிவிடும். இறக்கைக்குப் பிடிமானம் குறையும், என்ஜினுக்கு மூச்சு வாங்கும். 1,000 மீட்டர் உயரத்தில் மதியம் 27 டிகிரி என்றால், விமானத்தைப் பொறுத்தவரை அது கிட்டத்தட்ட 1,700 மீட்டர் மலையில் நிற்பதற்குச் சமம். அப்போது கிளம்ப அதிக தூரம் வேண்டும், அல்லது சுமையைக் குறைக்க வேண்டும். மதியத்துக்கு மேல் மலையில் மேகம் குவியத் தொடங்கும். அதிகாலையில் பள்ளத்தாக்கில் பனிமூட்டம். இரண்டுக்கும் நடுவே காலையில் கிடைக்கும் சில மணி நேரம்தான் நல்ல நேரம். நம் வீட்டில் ராகுகாலம் பார்த்துப் புறப்படுவதுபோல இவர்கள் வெளிச்சம் பார்த்துப் புறப்படுவார்கள். இப்படிப்பட்ட சின்ன ஓடுபாதையில் பெரிய நிலையங்கள்போல மேகத்துக்குள் வழிகாட்டி இறக்கும் கருவி கிடையாது. பைலட் கண்ணால் ஓடுபாதையைப் பார்த்தாக வேண்டும். தெரியவில்லையென்றால் திரும்பிவிடுவார்.

நாலு நாள் ஏன் போதாது என்றால் இதனால்தான். உள்ளே போவது ஒரு நாள் தள்ளிப்போகலாம், வெளியே வருவதும் ஒரு நாள் தள்ளிப்போகலாம். அதிலும் ஆண்டிறுதி சரவாக்குக்கு நல்ல மழைக்காலம். ஒரு வருடம் நான் மலையில் இப்படி மாட்டிக்கொண்டேன். காலை ஏழு மணிக்குப் பையோடு ஓடுபாதை ஓரம் போய் உட்காருவோம். மேலே வெள்ளை. ஒன்பது மணிக்கு ரேடியோவில், "மீரியில் காத்திருக்கிறார்கள்." பதினொன்றுக்கு, "நாளைக்குப் பார்க்கலாம்." மூன்று நாள். மூன்றாம் நாள் சத்தம் கேட்டது, தலைக்கு மேலேயே சுற்றியது, போய்விட்டது. கிள்ளானில் என் மாமா மகன் கல்யாணம் முடிந்து, மறுவீட்டு விருந்தும் முடிந்துதான் வந்து சேர்ந்தேன். மீரியிலிருந்து கோலாலம்பூருக்கு வாங்கிவைத்திருந்த சீட்டுக்கு ஒரு வெள்ளிகூடத் திரும்பக் கிடைக்கவில்லை. இரண்டும் தனித்தனியாக வாங்கியது, அது உங்கள் தலைவலி என்றார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னது சரி. வயிறு எரிந்தது வேறு விஷயம்.

ஆனால் அந்தச் சுற்றிவிட்டுத் திரும்பிய பைலட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே காத்திருந்த யாரும் அவரைத் திட்டவில்லை. ஒரு கெலாபிட் பாட்டி எழுந்து, கூடையைத் தூக்கிக்கொண்டு, "நல்ல பையன்" என்று மலாயில் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். இந்த மாதிரி விமானங்கள் விழுந்த கதைகளை எடுத்துப் பார்த்தால், என்ஜின் நின்றதைவிட மேகத்துக்குள் நுழைந்து மலையில் மோதியது பல இடங்களில் வரும். 2009 ஆகஸ்டில் பாப்புவா நியூகினியில் கொக்கோடாவுக்குப் போன ட்வின் ஆட்டர் அப்படித்தான் மேகத்தில் மலையில் மோதியது. 13 பேரும் இறந்தார்கள். ஆகவே நீங்கள் கேட்ட "நம்பலாமா" என்ற கேள்வியை நான் இப்படித்தான் மாற்றிக் கேட்பேன்: திரும்பிப் போய்விடக்கூடிய பைலட்டா, திரும்பிப் போனால் திட்டாத கம்பெனியா? நம் நாட்டில் இந்த வழித்தடம் அரசு மானியத்தில் ஓடும் கிராமப்புறச் சேவை. ஒரு பறப்பை ரத்து செய்தால் கம்பெனி மூழ்கிவிடாது. பயணிக்கு எரிச்சல் தரும் அதே ஏற்பாடுதான் பயணியைக் காப்பாற்றுகிறது. குழப்பமான இடம்தான், ஆனால் நான் ஏறுவேன், என் அம்மாவையும் ஏற்றியிருக்கிறேன்.

உங்கள் அம்மா விஷயம். இந்த விமானத்தில் உள்காற்றுக்கு அழுத்தம் ஏற்றும் வசதி இல்லை. வெளியே என்னவோ அதுதான் உள்ளேயும். பயமாகத் தோன்றும், ஆனால் பெரிய ஜெட்டிலும் உள்ளே 8,000 அடி மலைக்குச் சமமான காற்று வரை இறங்கும். அதைத் தாங்கியவருக்கு இது பெரிய வித்தியாசம் இல்லை. இதயம், நுரையீரல் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சளி பிடித்திருந்தால் காது வலிக்கும், இறங்கும்போது எதையாவது மென்றுகொண்டிருக்கச் சொல்லுங்கள். முறுக்கு அதற்கும் ஆகும். சத்தம் அதிகம், காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். கழிப்பறை கிடையாது, ஆகவே மீரியில் தே தாரிக்கைக் குறையுங்கள். ஏணிப்படி சின்னது, செங்குத்து. முட்டிவலி இருந்தால் முன்பே ஊழியர்களிடம் சொல்லுங்கள், பின்னாலிருந்து தாங்கிக்கொள்வார்கள். சேலையைவிடச் சுடிதார் நல்லது. எல்லோருக்கும் மைகார்டு கையில் இருக்க வேண்டும். சரவாக்குக்குத் தனிக் குடிநுழைவு உண்டு, தீபகற்பத்து ஆட்களைக்கூட அங்கே சோதிப்பார்கள். பிள்ளைகளுக்கு மைகிட் அல்லது பிறப்புச் சான்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மீரியிலிருந்து மரக்காட்டுப் பாதையில் நான்கு சக்கர வண்டியிலும் பாரியோ போகலாம், பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் குலுக்கி எடுக்கும். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சாகசம். அம்மாவுக்கு வேண்டாம்.

பாப்புவாவுக்கு வருகிறேன். நியூகினித் தீவில் ஓடுபாதை என்பது பல இடங்களில் மலைச்சரிவில் வெட்டிய புல்வெளி. வாவ் என்ற ஊரின் பாதை பத்து விழுக்காட்டுக்கும் மேல் சரிவு. மேட்டைப் பார்த்து இறங்க வேண்டும், சரிவே பிரேக். பள்ளத்தைப் பார்த்துக் கிளம்ப வேண்டும், சரிவே தள்ளும். மேட்டுப் பக்கம் மலை நிற்பதால் ஓர் இடத்துக்கு மேல் "இன்னொரு சுற்று வருகிறேன்" என்பதே கிடையாது. அந்தப் பக்கத்தில் சாலை வருவதற்கு முன்னே விமானம் வந்துவிட்டது. 1930-களில் புலோலோவில் தங்கம் அள்ளும் பெரிய மிதவை இயந்திரங்களைத் துண்டு துண்டாகக் கழற்றி, யுங்கர்ஸ் விமானங்களில் லே நகரிலிருந்து ஏற்றிப் போய் அங்கே பூட்டினார்கள். லோட் ஷீட் போட்டவர் யாரோ, அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

இந்தோனேசியப் பாப்புவாவில் நீங்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடியது சூசி ஏர். இறால், மீனைக் கெடாமல் சந்தைக்கு அனுப்ப விமானம் வாங்கிய சூசி புட்ஜியாஸ்துதி, 2004 சுனாமி முடிந்த கையோடு அதே செஸ்னாக்களை அச்சேயின் மெலாபோவுக்கு நிவாரணப் பொருளோடு அனுப்பினார். அங்கிருந்து வளர்ந்தது கம்பெனி. பிறகு அவர் மீன்வள அமைச்சரும் ஆனார். ஆனால் பாப்புவாவின் உள்மலைப் பகுதியில் 2023 பிப்ரவரியில் ஆயுதக் குழு ஒன்று அவர்களுடைய பைலட் ஒருவரைப் பிடித்துப் போய் 2024 செப்டம்பரில்தான் விட்டது. பிள்ளைகளோடு போகிற இடம் அதுவல்ல. முகத்துக்கு நேரே சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சாலமன் தீவு வேறு கதை. அந்த ஆசை சரியானதுதான். கீசோவுக்குப் போனால் விமானம் பக்கத்துக் குட்டித்தீவில் இறங்கும், ஊருக்குப் படகு. செகே ஓடுபாதை முடியும் இடத்தில் கடலுக்கடியில் இரண்டாம் உலகப்போர் விமானம் ஒன்று கிடக்கிறது, முக்குளிப்பவர்கள் போய்ப் பார்க்கிறார்கள். துவாலுவின் பூனாபூட்டியில் 1943-ல் அமெரிக்கக் கடற்படை போட்ட ஓடுபாதைதான் இன்றும். சாயங்காலம் ஊரே அதில் பந்து விளையாடும், விமானம் வரும்போது சைரன் ஒலித்தால் விலகிக்கொள்வார்கள். அந்த ஊர்களில் வாரத்தில் சில நாள்தான் விமானம் என்பதால், ஒரு பறப்பு தவறினால் ஒரு நாள் அல்ல, பல நாள் போகும். பாரியோவில் ஒருமுறை காத்திருந்து பாருங்கள். அதைப் பொறுத்துக்கொள்ள முடிகிறது என்றால் பிறகு சாலமனுக்குச் சீட்டு வாங்குங்கள்.

இந்த ஆண்டிறுதிப் பயணத்துக்கு என் யோசனை: முடிந்தால் நடு ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள், மழை குறைவு. ஜூலை வாக்கில் பாரியோ உணவுத் திருவிழா நடக்கும், அப்போது இருக்கை சீக்கிரம் தீரும், முன்கூட்டியே எடுக்க வேண்டும். தள்ள முடியாது, ஆண்டிறுதிதான் என்றால் எட்டு நாள் ஒதுக்குங்கள். பினாங்கிலிருந்து மீரிக்கு முதல் நாளே போய்த் தங்குங்கள். மலையிலிருந்து இறங்கும் நாளுக்கும் வீட்டுக்குப் பறக்கும் நாளுக்கும் நடுவே இரண்டு நாள் காலியாக விடுங்கள். மழை பெய்யவில்லை என்றால் அந்த இரண்டு நாளில் நியாக் குகை பார்க்கலாம். திரும்பும்போது பாரியோ அரிசியும் மலை உப்பும் வாங்கத் தோன்றும். வாங்குங்கள், ஆனால் அரிசியை 5 கிலோவுக்கு மேல் வேண்டாம். வந்த முறுக்கு தீர்ந்த இடத்தில் அது சரியாகப் பொருந்திவிடும்.